கடைசி நம்பர் கவிதா

யாராவது பேய்க்கதை சொன்னால், "எத்தனை போத்தல் உள்ளே போச்சு?" என்று கேட்கிற ஆள் நான். இன்றைக்கு நீங்கள் என்னை அப்படிக் கேட்கலாம், கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஈப்போவில் எங்களுக்கு ஒரு மலையேறும் கூட்டம் உண்டு. எந்த மலை, எந்த வழி, காரை எங்கே நிறுத்துவது, எல்லாம் திட்டம் போடுவது நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை லுமுட் பக்கம், கடலோரத்துச் சின்ன மலைகள். ஒரு பக்கம் கைவிட்ட ரப்பர் தோட்டம், மறுபக்கம் கடல். தோட்டத்துப் பக்கமாக ஏறி அதே வழியில் இறங்கினால் மத்தியானச் சோற்றுக்குக் கடைக்குப் போய்விடலாம். கையகல இடம், இதில் எவன் தொலையப் போகிறான் என்று வாய் கிழியப் பேசியதும் நான்தான்.

மொத்தம் பதினொரு பேர். என் நண்பன் குணா தன் தங்கை கவிதாவையும் கூட்டி வந்திருந்தான். அவளுக்கு அதுதான் முதல் மலை. அவர்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கப்பா, உன்ன நம்பித்தான் அனுப்புறேன்" என்றார்.

காட்டுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பார்கள் எங்கள் ஆட்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் வீண் வம்பு எதற்கு என்று ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிடுவேன். நான் "நம்பர்!" என்று கத்தினால் முன்னாலிருந்து ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நான் ஒன்று. படம் எடுத்துக்கொண்டே வருகிறேன் என்று அண்ணனுக்குப் பின்னால் நின்றுகொண்ட கவிதா பதினொன்று.

உச்சியில் கடலைப் பார்த்துவிட்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூட்டம் ஏறி, முன்னால் போகிறவர் முதுகே தெரியவில்லை. எனக்கு நம்பர் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. ஒவ்வொரு முறையும் பதினொன்று வரை சரியாக வந்தது, கவிதாவின் கீச்சுக்குரல் வரைக்கும்.

ரப்பர் மரங்களுக்குக் கீழே வந்து திரும்பிப் பார்த்தால் பத்துப் பேர்தான்.

குணா வந்த வழியில் நாலடி திரும்ப ஓடினான். "இப்பத்தானே மச்சான் எனக்குப் பின்னால சத்தம் குடுத்தா!"

என் சந்தேகம் நேராக எங்கள் கூட்டத்துச் சங்கர் மேல் போனது. கோயில் விழாவில் மேடையேறிப் பல குரலில் பேசிக் கைதட்டு வாங்குகிறவன். சட்டையைப் பிடித்துவிட்டேன். "டேய், நீதானே அவ மாதிரி பேசுன? வெளையாட்டாடா இது?"

"சாமி சத்தியமா இல்லண்ணே! நானே பயந்து போய் இருக்கேன்லா, நீங்க வேற!"

அவன் முழித்த முழியை நான் நம்பவில்லை. மற்றவர்களையும் ஒவ்வொருவராக முறைத்தேன். ஒரு நிமிஷம் குணாவையே சந்தேகப்பட்டேன் என்றால் பாருங்கள்.

எல்லாரையும் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நானும் குணாவும் மறுபடி ஏறினோம். அவர்கள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? பெயர் சொல்லக் கூடாது என்பதெல்லாம் காற்றோடு போச்சு, "கவிதா, கவிதா" என்று தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினோம். மலைக்கு மறுபக்கம், கடலுக்கு மேலே இருக்கிற பாறை விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் நாலடி வைத்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பாள். குணா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதான்.

எனக்கு ஆத்திரம். "யாரக் கேட்டு இந்தப் பக்கம் வந்த?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்கதானேண்ணே முன்னால போனீங்க? நம்பர் நம்பர்னு கத்திக்கிட்டே போனீங்க, நானும் சொல்லிக்கிட்டேதான் வந்தேன்."

நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்குச் சங்கர் மேல்தான் சந்தேகம். என் குரலிலும் அவன் பேசுவான். ஆனால் அவன் எங்களோடுதானே இறங்கினான்? அந்தக் கணக்கு எனக்கு இன்னும் ஒத்து வரவில்லை.

திரும்பும் வழியில் சித்தியவானில் ஒரு கடையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். குணா பில் கட்டப் போனான். கவிதா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி, "பாறைகிட்ட நான் ஏன் நின்னேன்னு நீங்க கேக்கலயேண்ணே" என்றாள்.

"ஏன்?"

"நான் பதினொன்னு சொன்ன பெறகும் எனக்குப் பின்னால சொல்லிக்கிட்டே வந்தாங்க. பன்னெண்டு, பதிமூனுன்னு, ஆம்பள, பொம்பள, முடியவே இல்ல. யாருன்னு பாக்கத்தான் நின்னேன்."

திரும்பிப் பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை. போன வாரம்கூட அவளைக் கடைத்தெருவில் பார்த்தேன். இன்னும் கேட்கவில்லை.