எங்கள் அக்காவும் பாப்பாவின் பென்சிலும்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. "மலருக்கு அழகா நாலு வார்த்தை எழுதும்மா" என்று அக்காவின் கணவரான எங்கள் மாமா கேட்டுக்கொண்டார். அக்காவை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. அதை மறைத்துவிட்டு எழுத எனக்குத் தெரியாது.

அக்கா மரக்காணத்தில், எங்கள் வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அப்பா தவறியதும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்மாவோடு உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். வெயிலில் உப்பு சுமந்துதான் என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். நான் இன்று புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன் என்றால் அது அவர் போட்ட சோறு. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பமாட்டார். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். கடைசி இரண்டு வருடம் அவரைத் தூங்கவிடாத கவலை என்னவென்று பலருக்குத் தெரியாது.

அக்காவின் ஒரே மகள் ரித்திகா, எங்கள் பாப்பா, வாய் ஓயாத பிள்ளை. ஒரு கதையைச் சொன்னால் கூடவே நாலு ஆளைச் சேர்த்துத் திருப்பிச் சொல்வாள். ஆனால் பென்சிலைக் கொடுத்தால் உலக்கையைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாள். முனை உடையும், தாள் கிழியும். 'அ' போடச் சொன்னால் சுழி ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். ஒன்றாம் வகுப்பில் மற்ற பிள்ளைகள் வரி வரியாக எழுத, இவள் அழித்து அழித்து நோட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

உப்பளத்திலிருந்து வந்து குளித்த கையோடு அக்கா அவளை உட்கார வைப்பார்.

"அந்தச் சுழிய அவ்ளோ பெருசா போடாதடி."

"கை வலிக்குதும்மா."

"வாய் மட்டும் வலிக்காதே உனக்கு! எழுதுடி."

கடைசியில் இரண்டு பேரும் அழுவார்கள். போதாக்குறைக்கு வந்தவர் போனவர் எல்லாம் யோசனை சொன்னார்கள். வல்லாரை கொடு என்றார் ஒருவர். முதுகில் நாலு போடு என்றார் இன்னொருவர். யோசனை சொன்னவர் யாரும் அவள் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததில்லை.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு வழி சொன்னார். "ஒரு தட்டுல மணல பரப்பி, வெரலால எழுத வையுங்க. பயம் தெளியும்." நல்ல யோசனைதான். ஆனால் தெரு மணலில் நாய் புரளும் என்று அக்காவுக்கு அருவருப்பு. வீட்டில்தான் உப்பு மூட்டையே இருக்கிறதே! சில்வர் தட்டில் உப்பைப் பரப்பி, பாப்பாவின் விரலைப் பிடித்து எழுத வைத்தார். பாப்பாவோ நகம் கடிக்கிற பிள்ளை. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். "எரியுதும்மா" என்று அவள் அலற, "தெனமும் நான் அதுலதான நிக்கறேன், எனக்கு எரியலையே" என்று அக்கா இன்னும் அழுத்திப் பிடித்தார்.

லீவுக்கு வந்த நான் பாப்பாவின் விரலைப் பார்த்துக் கத்திவிட்டேன். "ஏன்க்கா, புத்தி இருக்குதா உனக்கு? கொழந்த வெரல பாத்தியா?"

அக்கா தன் கையைத் தட்டில் வைத்து உப்பை அள்ளித் தேய்த்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியலியேடி" என்றார். உப்பில் ஊறிக் காய்த்துப்போன கை, அதற்கு எப்படித் தெரியும்? "சாக்கு சொல்றான்னு நெனச்சேன்" என்று தட்டை எடுத்துப்போய்க் கொட்டினார். அதற்குப் பிறகு பாப்பா பென்சிலைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். டீச்சரைத் திட்ட முடியாது, அக்காவைத் திட்டவும் மனசு வரவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பார்த்த டாக்டரம்மா, விரலில் பலம் கம்மி, இப்போதைக்கு எழுத வைக்காதீர்கள், விரலுக்கு வேலை கொடுங்கள் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா பொரிந்து தள்ளினார். "எழுத வரலன்னு போனா எழுத வைக்காதன்றாங்க. இதுக்கா வேலைய வுட்டுட்டு வந்தேன்?" ஆனாலும் சொன்னதைச் செய்தார். பாப்பா வேர்க்கடலை உரித்தாள், சப்பாத்தி மாவு பிசைந்தாள், துணிக்கு கிளிப் போட்டாள். அக்காவுக்குத்தான் பொறுமை இல்லை. நாலு நாள் போனதும், "எங்க, இப்ப எழுது பாக்கலாம்" என்று நோட்டை நீட்டுவார். பழையபடி உலக்கைப் பிடி, பழையபடி அழுகை. "வுடேன்க்கா" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

இதற்கிடையில் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தால் பேசக்கூடத் தெம்பு இருக்காது. எழுது என்று அதட்ட ஆள் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் பாப்பா தானாகவே அம்மாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கலர் பென்சிலால் தன் பெயரை எழுதினாள். எழுத்தெல்லாம் சாய்ந்து விழுந்து கிடந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். பேசாதே என்று அக்கா கையைக் காட்டினார். அவள் விளையாடப் போன பிறகு சொன்னார்:

"கேட்டா வரமாட்டேன்னுது. வுட்டா வருது. இவ்ளோ நாளு இது தெரியாம கொழந்தய படுத்திட்டேன்டி. இனிமே யாரும் அவள எழுது எழுதுன்னு கேக்கக் கூடாது. கேக்க வுடாத."

அந்த மாதமே அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் ஒருவர், பாசத்தில்தான், பாப்பாவை மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். "அம்மா பேர எழுதிக் காட்டு கண்ணு." கூட்டம் கூடிவிட்டது. நான் பந்தியிலிருந்து ஓடி வருவதற்குள், "அட, ரெண்டாவது படிக்குது, பேரு கூட எழுத வரலியா?" என்று ஒரு குரல். பாப்பா பேனாவை வீசிவிட்டு ஓடினாள். அதன் பிறகு பல மாதம் அவள் எதையும் எழுதவில்லை.

நன்றி சொல்லாமல் முடிப்பது முறையல்ல. அக்காவுக்கு முறை வைத்து ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த உப்பளத்துத் தோழிகளுக்கும், பாப்பாவைப் பள்ளிக்கு அழைத்துப்போன பக்கத்து வீட்டாருக்கும், இன்றுவரை அவளை அதட்டாத டீச்சருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

திதிக்கு எல்லோரும் வாருங்கள், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பாப்பா இப்போதுதான் மறுபடியும் பென்சிலைத் தொடுகிறாள், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு. அவளிடம் கதை கேளுங்கள், போதும் போதும் என்கிற வரை சொல்வாள். பேனாவை மட்டும் நீட்டாதீர்கள். மூலையில் உட்கார்ந்து அவள் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால், பார்க்காதது போல வாசலுக்குப் போய்விடுங்கள். எங்கள் அக்காவுக்கு வேறு மாலை வேண்டாம்.