ஓம் வெட்டிக் காட்டிய மெஷின்

யமுனா குவைத்திலிருந்து திரும்பி வந்தபோது, அவள் பெற்ற மகளே அவளைப் பார்த்து நாத்தனார் சுலோசனாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "யாரு வந்துகிறாங்க பாரு" என்று சுலோசனா முன்னால் தள்ளிவிட்டதற்கு, "குவைத் அம்மா" என்றாள் கலைவாணி. நாகலாபுரத்தில் சோறு போடுகிறவள் அம்மா, அட்டைப்பெட்டியில் சாக்லேட் அனுப்புகிறவள் குவைத் அம்மா. பிள்ளை தெளிவாகத்தான் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். யமுனாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

இனி குவைத் பக்கமே போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு புத்தூரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தாள். புருஷன் பழனி பெங்களூரில் அடுக்குமாடி கட்டும் மேஸ்திரி. யார் யாருக்கோ பத்து மாடி கட்டிவிட்டு, சங்கராந்திக்கு ஒரு தரம் வந்து, வந்த வேகத்தில் போய்விடுவான். அவன் சம்பாத்தியம் அவனுக்கும் பெங்களூருக்குமே சரியாக இருந்தது. ஊரிலேயே இருந்து பிழைக்க யமுனா ஏதாவது வழி கண்டுபிடித்தாக வேண்டும்.

வழியை அவள் குவைத்திலேயே பார்த்து வைத்திருந்தாள். அங்கே அவள் வீட்டு வேலை செய்த எஜமானியின் பெண்கள் மருதாணி வைத்துக்கொள்ள மணிக்கணக்கில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்வதில்லை. கொடியும் மாங்காயும் மயிரிழை போல வெட்டிய ஸ்டிக்கரைக் கையில் ஒட்டி, மேலே மருதாணியைத் தடவி, காய்ந்ததும் உரித்துவிடுவார்கள். அச்சு வார்த்தது போல் நிற்கும். உரித்துப் போட்டவற்றில் இரண்டை யமுனா பத்திரமாக ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

அதைத் திருப்பதியில் பியூட்டி பார்லர் வைத்திருந்த காஞ்சனாவிடம் காட்டினாள். மலையில் கல்யாணம் பண்ண எங்கெங்கிருந்தோ வருகிற பெண்களுக்கு அலங்கரிப்பதுதான் காஞ்சனாவின் பிழைப்பு. காலையில் ரயிலை விட்டு இறங்கி மாலையில் மலையேறுகிறவர்களுக்கு மருதாணிக்கு எங்கே நேரம்? "இதே மாதிரி சன்னமா வெட்டிக் குடு யமுனா, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் நானே எடுத்துக்கறேன்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்த கையோடு யமுனா மகளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். "அம்மா ஸ்டிக்கர் வெட்டற மெஷின் ஒண்ணு வாங்கப் போறேன். அது நல்லா வெட்டிச்சின்னா நான் எங்கயும் போவ மாட்டேன். இன்னா?" என்றாள். கலைவாணி தலையை ஆட்டினாள்.

யமுனா அவசரக்காரி இல்லை. டி.டி.பி. சென்டருக்குப் போய்க் கம்ப்யூட்டர் பழகி, கொடியும் மாங்காயும் தானே வரைந்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டாள். எந்த மெஷினாக இருந்தாலும் இதை வெட்டிப் பார்த்த பிறகுதான் வாங்குவது என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டுதான் திருப்பதிக்கு பஸ் ஏறினாள்.

மெஷின் விற்கும் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று சின்னது, சத்தமே இல்லாமல் ஓடியது, விலை அவள் சேமிப்பைத் தாண்டியது. இன்னொன்று காலை ஊன்றிக்கொண்டு ஆள் அகலத்துக்கு நின்றது. விலை அவள் கைக்கு எட்டியது. பெரியது எப்படி மலிவு, சின்னது எப்படி அதிகம்? இந்த நியாயமான கேள்வியை அவள் கேட்கவும் செய்தாள். "சின்னது கம்பெனி பேருக்கு துட்டும்மா. இதுவும் அதே வேலதான் செய்யும்" என்றார் கடைக்காரர். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசும் அந்த மனுஷர் வாயில் இரண்டு பாஷையிலும் உண்மை வராது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

"ஒரு தபா வெட்டிக் காட்டுங்கண்ணா" என்றாள்.

அவர் மெஷினுக்குப் பொட்டு வைத்தார். கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தார். சிவப்பு ஸ்டிக்கரை மாட்டி, ஒரு சாண் உயரத்துக்கு ஓம் வெட்டினார். ஒரு சாண் ஓமை எந்த மெஷின்தான் வெட்டாது? அதை உரித்து ஒரு அட்டையில் ஒட்டி, பிரசாதம் கொடுப்பது போல இரண்டு கையாலும் நீட்டினார். யமுனா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகுதான் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். "இது கொஞ்சம் சின்ன டிசைனு. இதயும் ஒரு தபா..."

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மஞ்சிதி காதம்மா, நல்லதில்ல. சாமி பேரு வெட்டியாச்சு. அதுக்கு மேல சோதன பண்ணா சாமிய சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும். காலைல முதல் போணி வேற."

கடையில் இருந்த நாலு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். குவைத்தில் அரபியில் திட்டு வாங்கியபோதுகூட அவளுக்கு இவ்வளவு கூசியதில்லை. பென் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டு பணத்தை எடுத்துக் கொடுத்தாள். எத்தனை வருஷம் எத்தனை பேர் எச்சில் தட்டைக் கழுவிச் சேர்த்த பணம்! அதை ஒரு சாண் ஓமைப் பார்த்து வாரிக் கொடுத்தாளே என்று நினைத்தால் நமக்கே ஆத்திரம் வருகிறது. ஆனால் அந்த இடத்தில் நாம் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

வீட்டில் மெஷின் தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டு கொடியை வெட்டியது. உரித்தால் இலையோடு காம்பும் சேர்ந்து வந்தது. மாங்காயின் வளைவு படிக்கட்டு மாதிரி இருந்தது. கோடு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒன்று சேரவில்லை. வேகத்தைக் குறைத்தாள். சன்னமான பிளேடு வாங்கிப் போட்டாள். வேறு ஸ்டிக்கர் ரோல் மாற்றினாள். வீடு முழுக்கக் கிழிசல். கலைவாணி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக, "இன்னிக்கு வெட்டிச்சாம்மா?" என்று கேட்பாள். சில நாளில் கேட்பதை நிறுத்திவிட்டு, அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கத் தொடங்கினாள்.

உள்ளதில் நன்றாக வந்த ஒன்றைக் காஞ்சனா தன் கையிலேயே ஒட்டிப் பார்த்தாள். மருதாணி ஓரமெல்லாம் கசிந்து, மாங்காய் இருந்த இடத்தில் ஒரு திட்டு நின்றது. "இத கல்யாணப் பொண்ணு கையில வெக்க முடியாது யமுனா" என்று தணிந்த குரலில் சொன்னாள். அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட யமுனா தாங்கியிருப்பாள்.

ரிப்பேர் பார்க்கக் கடையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். கிழிசலைக் கையில் எடுத்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. "அக்கா, மெஷின்ல ஒண்ணும் கொற இல்ல. இது போர்டு, நம்பர் பிளேட்டு வெட்டறது. இந்த வேலைக்கு அந்தச் சின்னத எடுத்திருக்கணும். வாங்கறப்ப ஒங்க டிசைன வெட்டிப் பாக்கலியா?"

யமுனா கடைக்குப் போய்க் கேட்டதற்கு, பொட்டு வைத்த மெஷினைத் திருப்பி எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நம்பர் பிளேட் வெட்டலாம்தான். ஆனால் புத்தூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அதற்கு ஏற்கெனவே வரிசையாகக் கடைகள் இருந்தன. அதையெல்லாம் விட்டு இவளுடைய சந்துக்குள் யார் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார்கள்? விற்றுவிடலாம் என்று பார்த்தால், கேட்டவர்கள் பழைய இரும்பு விலைக்குக் கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குவைத் எஜமானியிடமிருந்து போன் வந்தது. புதிதாக வந்த வேலைக்காரி சரியில்லையாம், விசா அனுப்பட்டுமா என்று கேட்டாள். யமுனா அரபியில் சரி என்றாள். மூலையில் நின்ற மெஷினுக்கு இன்னும் பொட்டு அழியவில்லை.

விஷயத்தை மகளிடம் சொல்லும் தைரியம் அவளுக்கு வரவில்லை. அட்டைப்பெட்டியைக் கட்டி முடித்த பிறகும் வரவில்லை. ஏர்போர்ட்டில் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி வரும், பெயரைக் கொட்டை எழுத்தில் போடாவிட்டால் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்காக, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி தன் பெயரை உள்ளங்கை அளவு எழுத்தாகக் கம்ப்யூட்டரில் அடித்து மெஷினை ஓட்டினாள். கலைவாணி ஓடி வந்து தானே எழுத்துகளை உரித்தாள். ஒவ்வொன்றும் முழுசாகக் கையோடு வந்தது. எழுத்துகள் போன ஓட்டைகளோடு மீந்த ஸ்டிக்கரைப் பெட்டிமேல் ஒட்டி, இரண்டு பேருமாகக் கறுப்புப் பெயிண்ட் தடவினார்கள். ஸ்டிக்கரை எடுத்தால், பிசிறே இல்லாமல் பளிச்சென்று நின்றது யமுனாவின் பெயர்.

பிள்ளை துள்ளிக் குதித்தாள். "அம்மா, ஒண்ணுகூட கிழியல பாரு! மெஷின் நல்லா வெட்டுதும்மா! அப்ப நீ எங்கயும் போவ மாட்ட, இல்ல?"

யமுனா அவள் கையைப் பிடித்து, விரலில் ஒட்டியிருந்த கறுப்பை முந்தானையால் துடைத்தாள்.

"பெயிண்டு காயல. பெட்டி மேல கை வெக்காத" என்றாள்.