தம்பியைப் பற்றி நாலு வரி

எங்கள் திருமணத் தகவல் மையத்தில் அவளை எல்லாரும் உப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் அவளுக்குப் பக்கத்து மேசை. போன் எடுப்பது என் வேலை, மெஷின் எழுதியதை மனுஷர் எழுதியதுபோல மாற்றுவது அவள் வேலை.

பெண், மாப்பிள்ளை அறிமுகக் குறிப்பெல்லாம் இப்போது மெஷின்தான் எழுதுகிறது. வயதையும் படிப்பையும் வேலையையும் தட்டினால் போதும், ஒரு பத்தி வந்து விழும். ‘அன்பும் பண்பும் ஒருங்கே அமைந்தவர். வாழ்க்கையை நேர்மறையாக அணுகுபவர்.’ லாரி ஓட்டுகிறவரும் அப்படித்தான், பல் டாக்டரும் அப்படித்தான். பத்துப் பேரைப் படித்தால் ஒரே ஆளைப் பத்துத் தடவை பார்த்த அலுப்புதான் மிஞ்சும். முதலாளி அதை வாங்கிவிட்டுக் கொஞ்ச நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். வாடிக்கையாளர்கள், “இதுல மனுஷன் எங்கங்க?” என்று கேட்க ஆரம்பித்ததும் அக்காவிடம் வந்து, “கொஞ்சம் உப்புக் காரம் சேரும்மா” என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்கா வீட்டாருக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

“உங்க பையன்கிட்ட உங்களுக்கு எரிச்சல் வர்ற விஷயம் என்னம்மா?”

மறுமுனையில் முதலில், “அவன் தங்கமாச்சே” என்பார்கள். அக்கா பேசாமல் காத்திருப்பாள். சற்று நேரத்தில் மடை திறந்துவிடும். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவான், சினிமா முடிவை முன்கூட்டியே சொல்லித் தொலைப்பான், கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முந்தி வைத்துவிட்டு அப்படியும் தாமதமாகத்தான் போவான். அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் குறிப்பில் சேர்த்துவிட்டு, அன்பையும் பண்பையும் தூக்கிக் கடாசுவாள். “குறையைப் போய் எழுதுனா யாரும்மா வருவா?” என்று முதலாளி பதறினார். வந்தார்கள். ஈரத் துண்டுக்காரருக்குத்தான் அந்த மாதம் அதிகப் போன்.

இவ்வளவு கெட்டிக்காரி சொந்தத் தம்பி விஷயத்தில் கோட்டை விட்டாள்.

தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கைவேலை சுத்தம், முகமும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பேச்சு திக்கும். இரண்டு இடத்தில் பெண் வீட்டார் நேரில் பேசிப் பார்த்துவிட்டு, காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதோடு போதும் என்று ஒதுங்கியவனை, இதுதான் கடைசித் தடவை என்று அழாத குறையாகக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தாள். இதுவும் போனால் அவன் இன்னொரு முறை உட்கார மாட்டான்.

அவனுக்கு அக்கா எழுதிய குறை இது: ‘வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார்.’ சுத்தப் பொய். கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிற ஆள் அவன்.

மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அது பிடித்துப்போய் எனக்குப் போன் செய்தாள். “நானும் அப்படித்தாங்க. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பாக்கலாம்” என்றாள்.

“திக்குறதைச் சொல்லலையேக்கா?” என்றேன்.

“முதல்ல வரட்டும்டி. நேர்ல தெரிஞ்சுக்கட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் ஒரு நியாயம், இவள் வீட்டுக்கு ஒரு நியாயமா? ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபின் மேலே பேச மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தம்பி எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று கேட்க வந்தான். அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தான். “பூ... பூட்டா? நானா?” என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

“ஊர்ல இருக்கிறவன் கு... குறையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுற. எ... என்னோடதை எழுத வெட்கமா இருக்காக்கா?”

“வெட்கம் இல்லடா. பயம்.”

“அவங்க எந்திரிச்சுப் போறப்ப எ... எதிர்ல உக்காந்திருக்கப் போறது நான்தானே. நீ இல்லையே.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பூட்டை அழித்தாள். ‘பேசும்போது திக்குவார். ஆனால் பொறுமையாகக் கேட்பவர்களுக்கு அவருடைய அன்பான உள்ளம் புரியும்’ என்று தட்டினாள்.

அவன் இரண்டாவது வரியில் விரலை வைத்தான். “இது மெ... மெஷின் எழுதுனதா?”

“நான்தான்டா எழுதினேன்.”

“அ... அழிச்சிரு.”

அழித்தாள். மிச்சமிருந்ததை அந்தப் பெண்ணுக்கு நானே அனுப்பினேன். தம்பி கிளம்பவில்லை. எங்கள் தண்ணீர் மெஷினில் இல்லாத கோளாறைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தான். அக்கா விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. மருந்துக்கடைப் பெண்தான். “படிச்சேங்க” என்றாள். அப்புறம் கடைக்கு வந்த யாருக்கோ மாத்திரை எண்ணிக் கொடுக்கப் போய்விட்டாள். போச்சு என்றுதான் நினைத்தேன்.

“சாப்பாட்டு நேரம் எங்களுக்கு அரை மணிதாங்க” என்றாள் கடைசியில். “அது பத்தாது போலிருக்கே. ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாமான்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?”