நம்ம வீட்டு ரத்தம்

அக்காளின் மாமியாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதே பேச வேண்டுமாம். பேசுகிறவர்கள் பேசட்டும்.

அறுபதுகளில், திண்டிவனத்தில் அக்காளுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, உதிரப்போக்குதான் நிற்கவில்லை. வாடகைக் காரில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. மாமியார் வீட்டுக் கொல்லையில் ஏர் ஓட்டுகிறவர் துணைக்கு வந்திருந்தார். எங்களையும் அக்காள் புருஷனையும் சோதித்ததில் அந்த ஏர்க்காரருடைய ரத்தம் மட்டும்தான் சேர்ந்தது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

மாமியார் விடவில்லை. சேரி ஆளின் ரத்தம் ஓடுகிற உடம்பில் சுரக்கும் பாலைத் தன் பேரன் குடிப்பதா என்று வராந்தாவில் நின்று கத்தினாள். பேச்சைப் பாருங்கள்! கிளியனூரிலிருந்து தன் மூத்த மகனை, அக்காள் புருஷனுக்கு அண்ணனை, வரவழைத்தாள். அவன் வரும்வரை அக்காள் வெளுத்துக்கொண்டே கிடந்தாள்.

அவன் ரத்தமும் சேர்ந்தது. ரத்தத்தில் காமாலை இருக்கிறதா என்று சோதிக்க அப்போது வழி கிடையாது, வாயால் கேட்பதுதான். டாக்டரம்மா கேட்டார். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வந்ததில்லீங்க."

அக்காள் பிழைத்தாள். ரத்தம் கொடுத்த பெருமையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். பிள்ளைக்குத் தலை நின்ற சமயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண் மஞ்சளானது, நகமும் மஞ்சளானது. மாமியார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொண்டுவந்தாள்.

"பயப்படாதடி. போன வருசம் பெரியவனும் இப்படித்தான் மஞ்சளா படுத்துக்கினு இருந்தான். இதைத்தான் குடுத்தேன், எழுந்துக்கலியா?"

அடிப்பாவி! ஆஸ்பத்திரியில் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். சொல்லியிருந்தால் அந்த ஆளின் ரத்தத்தை ஏற்றியிருப்பார்களே என்றாள், விவரம் தெரியாதவளுக்கு எடுத்துச் சொல்வது போல.

அக்காள் எழுந்துகொள்ளவில்லை. சாவு வீட்டில் மூத்தவன், தன் ரத்தத்தைக் கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று அழுதான்.

"நீங்க குடுத்த ரத்தந்தான் மாமா அவளைக் கொன்னுது" என்றேன்.

யாரோ என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனார்கள். வெளியே, குழி வெட்ட அந்த ஏர்க்காரருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள் மாமியார். அதற்கு அவர் கை ஆகும்.