கடைசி இரண்டு விரல்கள்

என் சுண்டுவிரலில் ரத்தம் வருவதை முதலில் பார்த்தது நானல்ல. எதிரே நின்று மட்டை பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரைசானிதான் பதறிப்போய்க் காட்டினாள். இடது சுண்டுவிரலின் அடியில் கொப்புளம் உடைந்து, மட்டையின் தோல்பிடி நனைந்திருந்தது. வலி இல்லை. வலிக்கவில்லையே என்று அன்று சந்தோஷப்பட்டேன். என்னைப் போன்ற மடையன் திருச்சிராப்பள்ளியில் இன்னொருவன் இருந்திருக்க முடியாது.

இதே நோய் கண்டு, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தொழிலை முதலில் சொன்னால்தான் நான் செய்த மடத்தனம் விளங்கும். நான் கோல்ப் ஆட்டக்காரன். வெள்ளைக்கார அதிகாரிகள் ஊருக்கு வெளியே வைத்திருந்த மைதானத்தில் மட்டைப்பை தூக்கப் போய், ஆட்டம் பழகி, முப்பது வயதில் அங்கேயே சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறவனானேன். தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டிக்குப் பெங்களூர் போய் ஒருமுறை இரண்டாவதாகவும் வந்திருக்கிறேன். பந்தைக் குழியில் தள்ளுவதற்கா சம்பளம் தருகிறார்கள் என்று பாலக்கரையில் என் சொந்தக்காரர்களுக்குத் தீராத சிரிப்பு.

இந்த ஆட்டத்தில் மட்டையை நழுவவிடாமல் காப்பது இடது கையின் கடைசி விரல்கள். வருஷக்கணக்கில் ஆடினால் அங்கே காய்ப்புக் காய்க்கும். என் காய்ப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்த இடம் மரத்துப்போனபோது, காய்ப்பு முற்றிவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். அடித்த பந்து வலப்பக்கம் ஓட ஆரம்பித்தது. வீச்சில் கோளாறு என்று நினைத்து, காலை மாற்றி வைத்தேன், தோளைத் திருப்பிப் பார்த்தேன், பிடியின் மேல் இன்னொரு சுற்றுத் தோல் சுற்றினேன். எட்டு மாதம் ஆட்டத்தைத் திருத்தினேனே தவிர, கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கைக்குக் கீழே வெளிறிய படை ஒன்று இருந்தது. தேமல்தானே என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

ஒருநாள் காலை அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணியோடு இடது கையால் வாங்கி, கடைசி இரண்டு விரல்கள் துணிக்கு வெளியே பாத்திரத்தில் பட்டிருக்க, நிதானமாகக் கீழே வைத்தேன். என் மனைவி சுபைதா அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. என் கையையே பார்த்தாள்.

"சுடலையா உங்களுக்கு?" என்றாள்.

விரல்கள் இரண்டும் வெந்திருந்தன. அன்றுதான் பயம் வந்தது. வந்த பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

உள்ளூர் டாக்டரிடம் போனால் ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் ஆற்றுப்பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அங்கே என்னை அறிந்தவர் யாருமில்லை. வயதானவர், நெற்றியில் திருமண், பேச்சில் அவசரமே இல்லை. முழங்கையின் உட்பக்கம் ஒரு நரம்பைத் தடவினார். அல்நார் நரம்பு (கதவில் முழங்கையை இடித்துக்கொண்டால் சுருக்கென்று விரல் வரை இழுக்குமே, அது). எனக்கு அது சணல் கயிறு போலத் தடித்திருந்தது.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஊசிமுனை படும்போது படுகிறது என்று சொல்ல வேண்டும். நான் காத்திருந்தேன். வெளியே யாரோ பூ விற்றுக்கொண்டு போனது கேட்டது. ஆரம்பியுங்கள் டாக்டர் என்றேன்.

"நாலு தடவை குத்தியாச்சு பாய்," என்றார் அவர்.

கண்ணைத் திறந்தேன். விரலில் நான்கு சிவப்புப் புள்ளிகள்.

பெருநோய் (குஷ்டம்) என்பதை அவர் மறைக்கவில்லை. இது நரம்போடு நிற்கிற வகை, பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒட்டாது, வைத்தியத்தால் நிறுத்திவிடலாம் என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: என் கை திரும்புமா?

"நோய் நிக்கும். செத்த நரம்பு திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்," என்றார்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்று கையைப் பார்த்தேன். இந்தக் கைதான் என் சோறு. பிறக்கப்போகும் பிள்ளையை இதே கையால் தொடலாமா என்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சுபைதாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் அழுது முடித்துவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

வாரத்துக்கு இரண்டு ஊசி, ஒன்றரை வருஷம். நீரடிமுத்து எண்ணெய் (ஒரு காட்டு மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது, இந்த நோய்க்கு அப்போது இதுதான் மருந்து). பசை போன்ற கனமான எண்ணெய். போட்ட இடம் கட்டியாக வீங்கி, உட்காரவும் முடியாது, மட்டை வீசவும் முடியாது. ஸ்ரீரங்கத்தில் அடிக்கடி என்ன ஜோலி என்று கேட்டவர்களிடம், ஒரு வக்கீலுக்குக் கோல்ப் சொல்லிக்கொடுக்கிறேன் என்று புளுகினேன். அந்த வக்கீல் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று கேட்டார்கள். தலையில் ஏறவே மாட்டேனென்கிறது என்றேன்.

மைதானத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றோடு வெளியே. முன்பெல்லாம் மாணவரின் கைமேல் என் கையை வைத்துப் பிடியைச் சரிசெய்வேன். ஒட்டாது என்று டாக்டர் எத்தனை முறை சொல்லியும் மனம் கேட்கவில்லை. ஆறடி தள்ளி நின்று வாயாலேயே சொன்னேன். துரைமார் அதைப் புதுமுறை என்று மெச்சினார்கள். சொல்லாமல் இருந்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவர்களெல்லாம் கப்பலேறிப் போய்விட்டார்கள் என்பதால்தான் இப்போது எழுதத் துணிகிறேன்.

இதற்கிடையே மகள் பிறந்தாள். நான் தொடவில்லை. வாசற்படியில் நின்று பார்ப்பேன். பிள்ளை சிரித்தால் நானும் சிரிப்பேன், அவ்வளவுதான்.

ஒன்றரை வருஷம் கழித்து டாக்டர் படையைப் பார்த்தார், நரம்பைத் தடவினார், நோய் நின்றுவிட்டது என்றார். விரல்களில் மட்டும் உணர்வு வரவில்லை. கொஞ்சம் வளைந்தும் இருந்தன. மடங்கும், பிடிக்கும், பிடித்திருப்பது எனக்குத் தெரியாது, அவ்வளவே. மறுநாள் ஆடிப் பார்த்தேன். முதலில் விரலைப் பார்த்து, இறுகியிருக்கிறதா என்று கண்ணால் உறுதிசெய்து, பிறகுதான் பந்தைப் பார்க்க வேண்டும். ஒரு வீச்சுக்கு முன்பைவிட ஒரு மூச்சு அதிகமாயிற்று. பெங்களூர்ப் போட்டி இனி இல்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க இந்தக் கை போதும்.

நோய் நின்ற செய்தியைச் சொன்ன பிறகும் நான் வாசற்படியில்தான் நின்றேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள் சுபைதா. ஒரு சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"புடிங்க. பால் பொங்குது."

தயங்கினேன்.

"டாக்டர் சொன்னதை நான் அன்னைக்கே நம்பிட்டேன். நீங்க எப்ப நம்பப் போறீங்க?" என்று பிள்ளையை என் கைகளில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வலது கைக்குக் கனம் தெரிந்தது, சூடு தெரிந்தது. இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் மகளின் முதுகுக்கு அடியில் இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. நழுவவிட்டாலும் எனக்குத் தெரியாது. ஆகவே விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுபைதா பாலை இறக்கி வைத்துவிட்டு வரும் வரை கண்ணை எடுக்கவில்லை.