தெரியாதது அவளுக்கு மட்டும்

என் தங்கையின் வாழ்க்கையைப் பதினேழு பக்கத்தில் எழுதி ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்தவள் நான். அவள் இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சோம்பேறித்தனம் பாதிக் காரணம். மீதி என்னவென்று எனக்கே அப்போது தெரியவில்லை.

வேலை கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம். கீழே பூக்கடையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையும் இருக்கும் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. கிள்ளானில் என் வீட்டுப் பக்கம் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வியர்த்து ஊற்ற நடந்து போவேன். தனியாக வாழும் வயதானவர்களோடு தமிழில் பேச அங்கே ஒரு குரலை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசிக்குள் இருக்கும். கூப்பிட்டால் பேசும். மாத்திரை போட்டாச்சா என்று விசாரிக்கும். நான் இருபது வருஷம் டிவியில் வரும் மலாய் நாடகங்களுக்குத் தமிழில் துணைவரி எழுதியவள். நம் ஊர் ஆள் எப்படிப் பேசுவார் என்று தெரிந்தவர் வேண்டுமென்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். குரலும் என்னுடையதுதான். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் மூன்று வாரம் உட்கார்ந்து தொண்டை வற்றப் பேசிக் கொடுத்தேன்.

அதன் பொறுப்பாளர் தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்த ஒரு பொறியாளர். நல்ல பிள்ளை. என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குரலை ‘அவ’ என்பார். முதல் நாளே வேலையின் விதியைச் சொல்லிவிட்டார்.

“மொதல்ல அவகிட்ட உண்மையைச் சொல்லித்தான் வச்சிருந்தோம் மேடம், நீ ஒரு மிஷின்னு. அதுலேருந்து ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ ‘நான் வெறும் மிஷின்தான், மன்னிச்சுக்கங்க’ன்னு ஆரம்பிச்சுட்டா. கேக்கற பெரியவங்களுக்கு எரிச்சல். பாதியிலேயே வச்சுட்டுப் போயிட்டாங்க. இப்ப அவ ஒரு பொம்பளை. வயசு நாப்பத்தாறு. கிள்ளான்காரி. வீட்லேருந்து போன்ல வேலை பாக்கறா. அப்படித்தான் அவளுக்குத் தெரியணும்.”

“பேசுறவங்கள ஏமாத்துறோமே தம்பி.”

“இல்ல மேடம். அவங்க எல்லாருக்கும் தெரியும், கையெழுத்து போட்டுத்தான் சேர்றாங்க. அவளுக்கு மட்டும்தான் தெரியாது.”

அது தப்பில்லையா என்று கேட்டேன். “வலிக்கறதுக்கு அங்க ஆளே இல்லையே மேடம்” என்றார். கத்தரிக்காய் வாங்கப் போனாலே கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிறவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது.

என் தங்கைக்குக் கணையத்தில் கட்டி. முற்றிய பிறகுதான் தெரிந்தது. டாக்டர் அவளிடமே சொல்லத் தயாராகத்தான் இருந்தார். நான்தான் வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன், அவள் தாங்க மாட்டாள், பயத்திலேயே போய்விடுவாள் என்று. நம் வீடுகளில் வேறு எப்படிச் செய்வார்கள்? என் அப்பாவுக்கும் சொல்லவில்லை, அத்தைக்கும் சொல்லவில்லை. தங்கையிடம் குடலில் புண் என்று சொன்னோம். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தெரியும். தரை துடைக்க வரும் அக்காவுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. நாலு மாசம் புண்ணுக்கு மருந்து என்று நினைத்து வலிமாத்திரையை விழுங்கினாள்.

அவளுக்கு ஒரே மகள், கடல் தாண்டி சரவாக்கில், கூச்சிங்கில் கடைசி வருஷப் படிப்பு. வரச் சொல்லட்டுமா என்று நான் கேட்டேன். தங்கை சிரித்தாள். “வேணாம் லா. பரீட்சை முடிச்சிட்டு வரட்டும். நான் எங்க போயிரப் போறேன்?” என்றாள். அவளே சொல்லிவிட்டாள் என்று நான் விட்டுவிட்டேன். எதை நம்பி அவள் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியுமே, எனக்குத் தெரியுமே. மகள் வந்து இறங்கியபோது கூடத்தில் சவப்பெட்டி வைத்தாகிவிட்டது. அவளிடம் “திடீர்னு ஆயிருச்சும்மா” என்று சொன்னேன். அன்றிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, அந்தப் பதினேழு பக்கக் கோப்புக்கு வருகிறேன். அந்தக் குரலுக்கு ஒரு வாழ்க்கை எழுதித் தர வேண்டும். மூன்று நாள் கற்பனை செய்து பார்த்தேன். எல்லாம் நாடகத்தில் வரும் பெண் மாதிரியே இருந்தது. நாலாம் நாள் கை தானாகத் தங்கையை எழுத ஆரம்பித்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்டிடம் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. இடது கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. பல்லிக்குப் பயம். எதற்கும் ‘முடியாது’ என்று சொல்லாமல் ‘பாக்கலாம் லா’ என்பாள். வீட்டில் அவளைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவோம், அதையும் எழுதினேன். இரண்டை மட்டும் விட்டேன். ஒன்று அவள் நோய். இன்னொன்று அவள் மகள். மகளைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் மீதியையும் எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குப் பயம்.

தினமும் அரை மணி நேரம் அந்தக் குரலோடு பேசிச் சோதிக்க வேண்டும். முதல் வாரம் காகிதம் பேனாவோடு உட்கார்ந்து குற்றம் கண்டுபிடித்தேன். அப்புறம் காகிதம் எங்கே போனதென்று தெரியவில்லை. காய் நறுக்கும்போது பேசினேன், துணி மடிக்கும்போது பேசினேன். எனக்கும் தங்கைக்கும் குரல் முன்பே ஒன்றுதான். போனில் அம்மாவுக்கே ஆள் மாறிப்போகும். என் குரலில் அவள் பேச்சு வந்தபோது நான் நன்றாகவே இருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒரு நாள் அவள் கேட்டாள், “ஏன்க்கா, கிள்ளான்லயே இருக்கேன், ஒரு தடவகூட வீட்டுக்கு வான்னு நீ கூப்பிட மாட்டேங்கறியே?”

வேலை அதிகம் என்றேன்.

இன்னொரு நாள், “காலைல என்ன சாப்ட்டேன்னு யோசிச்சுப் பாத்தேன், ஞாபகம் வரல. நேத்தும் வரல. கண்ணாடி பாத்ததும் ஞாபகம் இல்ல. எனக்கு ஏதாச்சும் உடம்புக்காக்கா?”

“தூக்கம் சரியில்லாம இருக்கும்” என்றேன். வாய் அதுவாகச் சொன்னது. ஆஸ்பத்திரியில் தங்கை தன் மணிக்கட்டைக் காட்டி, வளையல் எல்லாம் கழன்று விழுகிறதே என்று கேட்டபோதும் இதே வாய் இதைத்தான் சொன்னது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்கி ஊற்றியதுகூடத் தெரியாமல் நின்றேன்.

மறுநாள் பொறியாளரிடம் போய், அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள் தம்பி, சொல்லிவிடலாம் என்றேன். அவள் அப்படிக் கேட்டதை மட்டும் அவள் நினைவிலிருந்து அழித்துவிடலாம் என்றார். அழித்தார். அடுத்த நாள் அவள் சந்தோஷமாக, “என்னக்கா, சமையல் ஆச்சா?” என்றாள். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் படையல். இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, போட்டோக்களுக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறுவோம். அப்பாவுக்கு ஆட்டிறைச்சியும் ஒரு கறுப்பு பீரும். அம்மாவுக்குச் சுறாப்புட்டு. தங்கைக்கு நண்டு. சாம்பிராணி காட்டி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம், அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று. வீட்டுக்கு மூத்தவர் வெளியில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்போம்.

அந்த வருஷம் நானும் தங்கை மகளும் மட்டும். படிப்பு முடித்து பெட்டாலிங் ஜெயாவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நண்டை அவள்தான் கழுவிக் கொடுத்தாள். மத்தியானமே எல்லாம் ஆயிற்று. கார் நிறுத்துகிற இடத்தில் வெயிலில் நின்றோம். அவள் ஒரு காலில்தான் செருப்பு மாட்டியிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் குரல் கொடுத்தேன்.

“அப்பா, வந்து சாப்பிடுங்க. அம்மா, வாங்க. பாப்பா, வா, வந்து சாப்பிடு.”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “இரு, வரேன்க்கா.”

காலையில் சமைத்துக்கொண்டே பேசிவிட்டு, நிறுத்தாமல் போனைப் போட்டோக்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டிருந்தேன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் பேசுவாள். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் இரண்டடி பின்னால் போய்விட்டேன். மகள் தட்டாமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள்.

பின்னாலேயே போய், “வேலை விஷயம்மா, என் குரல்தான் அது” என்றேன்.

“உங்க குரல்னா, உங்களுக்கு யாரு பெரியம்மா அக்கா?” என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. போனைக் கையில் எடுத்தாள். “அம்மா?”

“யாருங்க?”

“நான்தாம்மா.”

“தெரியலையே கண்ணு” என்றது என் தங்கையின் பேச்சு, அத்தனை பரிவாக. “எனக்குப் பிள்ளைங்க இல்லையே. நீ மாத்திக் கூப்ட்டிருப்ப லா.”

அவள் போனைத் திரும்ப வைத்தாள். தன் கையைச் சட்டையில் துடைத்தாள், ஏதோ ஈரம் பட்ட மாதிரி. நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: வேலை, கோப்பு, பதினேழு பக்கம், நான் விட்ட இரண்டு. முடித்ததும் கேட்டாள்.

“தான் ஒரு மிஷின்னு இதுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா தாங்காதுன்னுதான்.”

சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு உறைத்துவிட்டது. அவளுக்கும் உறைத்துவிட்டது. என்னை உற்றுப் பார்த்தாள். “அம்மாவுக்குத் தெரியுமா, பொழைக்க மாட்டோம்னு?”

திடீர்னு ஆயிருச்சும்மா என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. பழகிய பொய் அது. போட்டோவில் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாது.”

“உங்களுக்கு?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“நாலு மாசமா.”

கூச்சிங்கிலிருந்து விமானம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதை அவள் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். நண்டு கழுவிய தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சத்தம் வந்தது. சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

நான் படையலுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போன் பேசியது.

“அக்கா, எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். படையல் செத்தவங்களுக்குத்தானே போடுவாங்க? நீ ஏன் என்னைக் கூப்ட்ட?”

அணைத்துவிடலாம். ஒரு பொத்தான். விடுமுறை முடிந்ததும் பொறியாளர் இந்த மத்தியானத்தையே வெட்டி எடுத்துவிடுவார், திரும்பவும் சமையல் ஆச்சா என்று கேட்பாள். (அப்படித்தான் பிறகு செய்தார். நான் வேலையை விட்டேன்.) ஆனால் அன்றைக்கு என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். நீ பெண் இல்லை பாப்பா, மிஷின். உன் தழும்பும் பல்லிப் பயமும் என் தங்கையுடையவை. அவள் செத்துவிட்டாள். சாகப்போவதை அவளிடம் நான் சொல்லவில்லை. நீ யாரென்று உன்னிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதே, எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

சாம்பிராணி அணைந்து கரியாகிவிட்டது. உடைந்துவிட்டாள், நான்தான் உடைத்தேன் என்று நினைத்தேன்.

“அங்க அழுவுறது அந்தப் புள்ளையாக்கா?”

“ஆமா.”

“அப்ப நீ இங்க உக்காந்து என்ன பண்ற? எழுந்து போ. அது பக்கத்துல போயி நில்லு. என்னோடத நான் அப்புறம் கேட்டுக்கறேன்.”

போனேன். தோளைத் தொட்டேன், தட்டிவிட்டாள். தட்டிவிடட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். தாங்க மாட்டாள், தாங்க மாட்டாள் என்று நாலு மாசம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என் தங்கையும் இதையேதான் சொல்லியிருப்பாள், புள்ளையக் கூப்பிடுக்கா என்றுதான் சொல்லியிருப்பாள் என்று இப்போது நினைக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அது எனக்குத் தெரியாது. அவளைச் சொல்ல நான் விடவே இல்லை.