பெயர் நீக்கிய கட்டுரை

எதையும் இரண்டாம் முறை பார்க்காமல் நம்பும் பழக்கம் அமீனாவுக்குக் கிடையாது. வாணியம்பாடியிலிருந்து மலையேறி, ஜமுனாமரத்தூரில் புதிதாகத் தொடங்கிய கல்லூரியில் கணினி ஆசிரியையாகச் சேர்ந்தபோது, வாடகை அறையின் பூட்டை மாற்றிய பிறகுதான் பெட்டியைத் திறந்தாள்.

அந்த ஆண்டு திறந்த மூல மென்பொருளின் தத்துவம் என்று புதிய தாள் ஒன்று வந்தது. நிரலை எல்லோரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது ஏன் சரி, எங்கே சிக்கல் என்று மாணவர்கள் யோசிக்க வேண்டும். அதற்கான வாசிப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அமீனாவுக்கு. அவள் தேடத் தொடங்கும் முன்பே துறைத்தலைவர் வெற்றிச்செல்வன் பளபளப்பான புத்தகம் ஒன்றை மேசையில் வைத்தார்.

"சென்னையில ஒரு கம்பெனி குடுத்துச்சும்மா. பசங்க எல்லாருக்கும் சும்மாவே தர்றாங்களாம். இதையே வச்சிடலாம்."

"சும்மா எதுக்கு சார் தர்றாங்க?"

"இன்னாம்மா நீ! பாடமே அதைப் பத்தித்தானே?"

அவர் சிரித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. இதில் இவருக்கு என்ன கிடைக்கிறது?

அறைக்கு எடுத்துப்போய்ப் படித்தாள். முழுக்க விளம்பரத் தமிழ். மூன்றாம் அத்தியாயம் மட்டும் வேறொருவர் கை. அதில் இதே மலையிலுள்ள புதூர்நாட்டின் பலாப்பழம் வந்தது: முழுப் பழத்தைத் தருகிறவர் கொட்டையையும் தருகிறார், வாங்கியவர் நட்டுக்கொள்ளலாம், சுளையை மட்டும் தருகிறவர் அந்த வழியை அடைத்துவிடுகிறார். சென்னைக் கம்பெனிக்குப் புதூர்நாடு எப்படித் தெரியும்?

அந்த வரிகளை இணையத்தில் தேடினாள். திருப்பத்தூர் நீலாவதி என்பவரின் கட்டுரை வந்தது. எழுதியவர் பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கீழே குறிப்பு. வரிக்கு வரி அதே. அமீனா முதலில் சந்தேகப்பட்டது நீலாவதியைத்தான். புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்திருப்பாரோ? அந்த இணையப் பக்கத்திலிருந்த எண்ணுக்கு அழைத்தாள்.

"மேடம், இது நீங்களே எழுதினதுங்களா?"

நீலாவதி கோபப்படவில்லை. "பக்கத்துக்கு மேல 'வரலாறு'ன்னு இருக்கும், அமுக்கிப் பாருங்க. நான் எழுதுனது, அழிச்சது, மத்தவங்க திருத்துனது எல்லாம் தேதியோட கிடக்குது. என்னை நம்ப வேணாம்."

பார்த்தாள். பலாப்பழ உதாரணம் முதலில் புளியாக இருந்து, வாசகர் ஒருவர் சொல்லி மாறியிருந்தது. புத்தகம் அச்சாவதற்கு வெகுகாலம் முன்பே அதெல்லாம் நடந்திருந்தது. புத்தகத்திலோ நீலாவதி பெயரே இல்லை. போதாக்குறைக்கு, எந்தப் பகுதியையும் நகலெடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை வேறு.

மறுநாள் இரண்டையும் வெற்றிச்செல்வன் முன் வைத்தாள். அவர் முகம் வெளுத்தது.

"நான் படிக்கவே இல்லம்மா. அட்டையைப் பார்த்துட்டுப் பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன்."

இவரையும் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "திருடுனதை வச்சிக்கினு பகிர்றதைப் பத்தி எப்பிடி சார் பாடம் நடத்துறது?"

அவரே போய் முதல்வரிடம் பேசிவிட்டு வந்தார். புத்தகம் திரும்பிப் போனது. நீலாவதியின் கட்டுரையோடு, அதை மறுத்து எழுதப்பட்ட இரண்டு கட்டுரைகளையும் அமீனா சேர்த்தாள். கம்பெனிக்கு எழுதியதற்கு, பரிசீலிப்பதாக ஒரு வரி பதில் வந்தது. அதை அவள் நம்பவில்லை.

பாடம் தொடங்கிய வாரம், கட்டுரையில் ஒரு தகவல் தப்பு என்று மாணவி அபிநயா கண்டுபிடித்தாள். அமீனா திருத்தத்தை நீலாவதிக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"திருத்தம் சரின்னு நீங்க எப்பிடிப் பார்த்தீங்க? ஆதாரம் இருந்தா அனுப்புங்க, அப்புறம் சேர்க்கிறேன்."

அமீனாவுக்கு அந்த அம்மாளை அப்போதுதான் முழுதாகப் பிடித்தது.